'யாலத்': எபிரேய மறைநூலில் பெறுதலும் பெறுவித்தலும்

தாயின் செயலையும் தந்தையின் செயலையும் ஒரே வினையால் குறிக்கும் மொழிகள் உண்டு. வேறு வேறு வினைகளால் பிரித்துக் குறிக்கும் மொழிகளும் உண்டு. முதல் வகை மொழியிலிருந்து இரண்டாம் வகை மொழிக்குப் பெயர்ப்பவர், மூலநூலாசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லியே தீரவேண்டிய நிலைக்கு ஆளாகிறார். எபிரேய மறைநூலில் ஏறத்தாழ 500 இடங்களில் வரும் 'யாலத்' என்னும் வினை இந்நிலைக்கு நல்ல சான்று. தமிழ் இவ்விரு வகைகளுள் எபிரேயத்திற்கு நெருங்கிய வகையைச் சார்ந்தது. எனினும் தமிழ்ப் பெயர்ப்புகள் அந்நெருக்கத்தை எல்லா இடங்களிலும் பயன்கொள்ளவில்லை. அது எங்கே, ஏன் நிகழ்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வேரும் அதன் சுற்றமும்

'யாலத்' என்பதன் இறுதி ஒலி ஒலிப்புடைய 'த'கரம். மூன்று மெய்களாலான இவ்வேரின் முதல் மெய் தொடக்கத்தில் யகரமன்று, வகரமே. சொல்முதல் வகரம் யகரமாதல் வடமேற்குச் செமித்திய மொழிகளின் பொதுப் பண்பு. இம்மாற்றம் நிகழாத அரபியில் 'வலத', பழைய அக்காதியத்தில் 'வலாதும்', எத்தியோப்பியாவின் கீஇஸ் மொழியில் 'வலத' என வகரம் நின்றுவிட்டது. எபிரேயத்திலும் சொல்முதலில் அமையாதபோது வகரம் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. 'ஹோலீத்', 'நோலத்', 'தோலெதோத்', 'மோலெதெத்' ஆகிய வடிவங்களில் உள்ள ஓகாரம், அகரமும் வகரமும் கூடித் திரிந்தது. சுற்றமும் பிறந்த இடமும் ஆகிய பொருள்களைத் தரும் எபிரேய 'மோலெதெத்', பிறப்பைக் குறிக்கும் அரபி 'மவ்லித்' ஆகிய இரண்டும் ஓர் அமைப்பினவே. தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் உள்ள 'மவ்லிது', 'மீலாது' ஆகிய சொற்கள் இவ்வேரின் வழி வந்தவை. ஆகவே எபிரேயம் அறியாத தமிழ் வாசகருக்கும் இவ்வேர் முற்றிலும் அயலானதன்று.

எபிரேய வினைவேர் பல 'கட்டுமானங்களில்' அமைந்து பொருள் வேறுபடும். எபிரேய இலக்கணத்தார் அவற்றைப் 'பின்யானிம்' என்பர். இவற்றுள் அடிப்படையானது 'கல்'. எளியது, இலேசானது என்பது அப்பெயரின் பொருள். தமிழ்க் 'கல்'லோடு மயங்காதிருக்க இக்கட்டுரையில் அது 'எளிய அமைப்பு' எனப்படும். 'ஹிஃபீல்' என்பது பெரும்பாலும் தமிழின் பிறவினைக்கு இணையானது; அது இங்குப் 'பிறவினை அமைப்பு' எனப்படும். எளிய அமைப்பில் 'யாலத்', பிறவினை அமைப்பில் 'ஹோலீத்'. கட்டுரையின் பெரும்பகுதி இவ்விரண்டையும் பற்றியதே.

எளிய அமைப்பு யாருடையது?

அகராதிகள் 'யாலத்' என்பதற்கு முதற்பொருளாகத் தாய் குழந்தை பெறுதலையே தரும். எண்ணிக்கை நோக்கில் அது சரியே. ஏவாள், சாராள், ராகேல், அன்னாள் ஆகியோர் கதைகளில் கருவுறுதலைச் சொல்லும் வினையை அடுத்து 'வத்தேலெத்' (அவள் பெற்றாள்) என்பது ஒரு வாய்பாடு போலவே வந்துகொண்டிருக்கிறது. எரேமியா 30:6இல் ஆண் பிள்ளை பெறுவதுண்டோ என்று கேட்கும் வினா இவ்வமைப்பில்தான் உள்ளது. அவ்வினாவில் ஏளனமும் திகிலும் கலந்து ஒலிக்கவேண்டுமாயின், கேட்போர் செவியில் இவ்வினை முதலில் பெண்ணின் உடலையே நினைவூட்டியிருக்க வேண்டும்.

எண்ணாகமம் 11:12 இதனினும் தெளிவு. மக்களின் முறையீட்டால் சலித்த மோசே, இம்மக்கள் அனைவரையும் கருவில் தரித்தவன் தானோ, பெற்றவன் தானோ என்று இறைவனிடம் வினவுகிறார். எழுவாய் ஆண். ஆயினும் கருத்தரித்தலைச் சொல்லும் வினை முன்னே நிற்பதால் 'யாலத்' தாயின் செயலாகவே பொருள்படுகிறது. தாம் தாயல்லர் என்பதே அவர் வாதம்.

ஆனால் இதே அமைப்பு தந்தைக்கும் தடையின்றி வருகிறது. நீதிமொழிகள் 23:22இல் உன்னைப் பெற்ற தந்தை என்னுமிடத்தில் எளிய அமைப்பே உள்ளது. ஆதியாகமம் 4:18இல் ஈராத் முதல் லாமேக்கு வரையிலான தலைமுறைகள் 'யாலத்' என்றே சொல்லப்படுகின்றன. தந்தைமார் மட்டுமே பெயர்பெறும் பட்டியல் அது. சகரியா 13:3 மிகவும் நோக்கத்தக்கது. பொய்யாகத் தீர்க்கதரிசனம் உரைக்கும் மகனை அவனுடைய தந்தையும் தாயும் கண்டிக்கும் அவ்விடத்தில் அவ்விருவரையும் சேர்த்து 'யோலதாவ்' என்கிறது மூலம். எளிய அமைப்பின் எச்சவடிவம், ஆண்பாற் பன்மை, 'அவனுடைய' என்னும் ஒட்டு ஆகியவை சேர்ந்த சொல் இது. தமிழில் இதற்கு ஒரே சொல் போதும்: 'பெற்றோர்'. இத்தகைய பொருத்தம் மொழிபெயர்ப்பில் அரிதாகவே வாய்க்கும். ஆங்கிலத்தின் இருவினை வழக்கில் பழகியவர்க்கு இவ்விடத்தில் தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று எனச் சொல்தேடும் தொல்லை உண்டு. தமிழருக்கு அத்தொல்லை இல்லை.

தந்தைக்கென ஒரு வடிவம்

'ஹோலீத்' என்னும் பிறவினை அமைப்பு இதனின் வேறு. 'பெறச் செய்தான்' என்பது அதன் இலக்கணப் பொருள். பெறச் செய்யப்பட்டவள் யார் என்னும் வினா இயல்பாக எழும். பிறவினையில் இயற்றப்படுவோர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது தமிழ் இலக்கணம் பயின்றோர் அறிந்ததே. எபிரேய வம்சப் பட்டியல்களிலோ அவ்விடம் வெறுமையாகவே கிடக்கிறது. தந்தை எழுவாய், மகன் செயப்படுபொருள், தாய் வாக்கியத்திற்கு வெளியே. மிகச் சில இடங்களில் அவள் திரும்ப வருகிறாள். 1 நாளாகமம் 8:9இல் ஒருவன் தன் மனைவியாகிய ஒதேசாளிடமிருந்து பிள்ளைகளைப் பெற்றான் என நீங்கற்பொருள் தரும் 'மின்' என்னும் இடைச்சொல்லோடு வருகிறாள். அந்நூலின் 2:18இல் காலேபின் மனைவி அசுபாள் செயப்படுபொருளின் இடத்திலேயே நிற்பது போலத் தோன்றும். ஆயின் அப்பகுதியின் பாடம் சிதைந்தது எனப் பலரும் கருதுவதால் அதன்மேல் எதையும் கட்டுதல் தகாது.

பிறவினைப் பொருள் முழு உயிரோடு இருக்கும் இடம் ஏசாயா 66:9. பேறுகாலத்தைக் கொண்டுவந்துவிட்டுப் பெறச் செய்யாமல் விடுவேனோ என்று இறைவன் வினவுகிறார். பெறுபவள் சீயோன் நகரம். பெறச் செய்பவர் இறைவன். இங்கு 'ஹோலீத்' என்பதைத் தந்தைமை எனக் கொள்ள இடமில்லை. மருத்துவச்சியின் பணிக்கே அது நெருங்கியது.

இனி, வம்சப் பட்டியல்களில் இவ்விரு வடிவங்களும் ஒன்றன் இடத்தில் ஒன்று வருதல் நெடுங்கால வழக்காடலுக்கு உரியது. ஆதியாகமம் 10:24இல் அர்பக்சாத் சாலாவைப் பெற்றான் என்பது எளிய அமைப்பில் உள்ளது. அதே தந்தை, அதே மகன்; 11:12இல் பிறவினை அமைப்பில் 'வய்யோலெத்' என வருகிறது. பொருளில் எவ்வேறுபாடும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மூலநூற் கொள்கையினர் இதனை இருவேறு ஆவணங்களின் அடையாளமாகக் கொண்டனர். குருமரபு ஆவணம் பிறவினை அமைப்பையும், அதனின் பழைய யாவே மரபு ஆவணம் எளிய அமைப்பையும் ஆண்டன என்பது அவர்கள் முடிபு. 4:18உம் 10ஆம் அதிகாரத்தின் சில பகுதிகளும் ஒருபுறம், 5ஆம் அதிகாரமும் 11:10 முதலானவையும் மறுபுறம் எனப் பிரிவு ஏறக்குறைய பிசகின்றி அமைதலின் அக்கொள்கைக்கு வலிமை உண்டு.

உம்பெர்த்தோ கசுத்தோ இதனை மறுத்தார். வேறுபாடு ஆசிரியருடையதன்று, இலக்கணத்தினுடையது என்பது அவர் வாதத்தின் சாரம். தந்தை எழுவாயாகும்போது எளிய அமைப்பு இறந்தகால முற்றிலும் எச்சவடிவிலும் மட்டுமே வழங்கும். தொடர்நிகழ்வைச் சொல்லும் 'வ-' முன்னொட்டு வடிவம் தேவைப்படுமிடத்துப் பிறவினை அமைப்பே வரும் என்றார். தந்தை பெற்றான் என்னும் பொருளில் எபிரேய உரைநடையில் 'வய்யேலெத்' என ஒருவரும் எழுதார். 5ஆம் அதிகாரத்தின் வாய்பாடு இன்ன வயதில் பெற்றான், பெற்றபின் இத்தனை ஆண்டு வாழ்ந்தான் எனத் தொடர்நிகழ்வாகச் செல்வது. ஆகவே அங்கு 'வய்யோலெத்' தவிர வேறு வழியில்லை. எனினும் 11:27இல் தேராகு ஆபிராமைப் பெற்ற செய்தி இறந்தகால முற்றாயிருந்தும் பிறவினை அமைப்பிலேயே உள்ளது. ரூத் 4இன் இறுதிப் பட்டியலும் அவ்வாறே. கசுத்தோவின் விதி, எளிய அமைப்பு ஏன் சில வடிவங்களில் வரவில்லை என்பதை விளக்குகிறது. வரக்கூடிய இடத்திலும் பிறவினை அமைப்பு ஏன் தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதை அது விளக்கவில்லை. இரு தரப்பும் பாதி உண்மையைப் பற்றிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

குறியேற்றம்

ஆவணப் பிரிவை ஒருபுறம் வைத்து, இவ்விரு வடிவங்களும் அருகருகே வரும் இடங்களை மட்டும் நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். எரேமியா 16:3இல் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் பெற்ற தந்தைமாரும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றனர். தாய்மாருக்கு எளிய அமைப்பு ('யோலெதோத்'), தந்தைமாருக்குப் பிறவினை அமைப்பு ('மோலிதிம்'). யோபு 38:28-29இல் மழைக்குத் தந்தை உண்டோ என்ற வினாவை அடுத்துப் பனித்துளிக்குப் பிறவினை அமைப்பும், யாருடைய வயிற்றிலிருந்து என்ற வினாவை அடுத்து உறைபனிக்கு எளிய அமைப்பும் வருகின்றன. ஏசாயா 45:10இலும் தந்தையை நோக்கிய வினாவில் பிறவினை அமைப்பே உள்ளது. பெண்ணை நோக்கிய வினாவில் வேதனையால் துடித்தலைக் குறிக்கும் 'ஹுல்' என்னும் வேறொரு வேர் வருகிறது.

தாயையும் தந்தையையும் எதிரெதிரே நிறுத்தும்போது மொழி இரண்டு வடிவங்களையும் ஆளுகிறது. இருவரையும் சேர்த்துச் சொல்லும் சகரியாவிலோ எளிய அமைப்பு ஒன்றே போதுமானதாகிறது. மொழியியலார் குறியேற்றம் என வழங்கும் உறவு இது. தமிழில் 'ஆசிரியை' என்பது பெண்ணை மட்டுமே குறிக்கும். 'ஆசிரியர்' இருபாலார்க்கும் பொது. ஆயினும் 'ஆசிரியரும் ஆசிரியையும்' என இணைத்துச் சொல்லும்போது 'ஆசிரியர்' ஆணுக்குச் சுருங்கிவிடும். அவ்வாறே 'ஹோலீத்' குறியேற்றம் பெற்ற வடிவம். பெண் அதற்கு எழுவாயாகும் இடம் காண்பதரிது. 'யாலத்' குறியேற்றம் இல்லாதது. எதிர்நிலை இல்லாதவிடத்து அது தாயா தந்தையா என்னும் வினாவுக்கு விடை சொல்வதில்லை. இதனை மனத்திற்கொண்டாலன்றிப் பின்வரும் இரு சிக்கலான இடங்களை அணுக இயலாது.

ஏனைய அமைப்புகள் சில

செயப்பாட்டுப் பொருள் தரும் 'நிஃபால்' அமைப்பில் ஒரு விந்தை உண்டு. ஆதியாகமம் 4:18இன் தொடக்கத்தில் ஏனோக்குக்கு ஈராத் பிறந்தான் என வருமிடத்தில், 'ஈராத்' என்னும் பெயருக்கு முன் செயப்படுபொருளைக் காட்டும் 'எத்' என்னும் உருபு நிற்கிறது. செயப்பாட்டு வினையில் எழுவாயாக வேண்டியது இரண்டாம் வேற்றுமை உருபோடு நிற்கும் இவ்வமைப்பு 21:5இலும், பார்வோனின் பிறந்தநாளைச் சொல்லும் 40:20இலும் உள்ளது. பெற்றார் யாரெனச் சொல்லாமல், பெறுதல் நிகழ்ந்தது, அதற்கு ஆட்பட்டவன் இவன் என்பது போன்ற எழுவாயற்ற தொடராக இதனைக் கொள்வர். தந்தை நான்காம் வேற்றுமையில் நிற்றல் தமிழுக்கு மிக இயல்பு; அந்த 'எத்' மட்டும் தமிழில் ஏறாது. 40:20இல் வரும் 'ஹுல்லெதெத்' என்னும் வடிவமே இன்றைய எபிரேயத்தில் பிறந்தநாளுக்குப் பெயராக நிலைத்துள்ளது.

'யுல்லத்' (பிறந்தான்) என்பது 'புவால்' அமைப்பு எனப் பழைய இலக்கணங்கள் கூறும். எளிய அமைப்பின் பழைய செயப்பாட்டு வடிவமே அது என்பது பிற்கால ஆய்வாளர் பலர் கொள்கை. 'பியேல்' அமைப்பின் 'மெயல்லெதெத்' மருத்துவச்சி; யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தின் சிப்பிராள், பூவாள் ஆகிய இருவரும் இச்சொல்லால் அறியப்படுகின்றனர். எண்ணாகமம் 1:18இன் 'ஹித்பயேல்' வடிவம் தம் வம்சத்தைப் பதிவுசெய்து கொள்ளுதலைக் குறிக்கும். 'தோலெதோத்' என்பது பெறப்பட்டவை, வழிவந்தவை என்னும் பொருளது. வானத்திற்கும் பூமிக்கும் 'தோலெதோத்' என ஆதியாகமம் 2:4 கூறுதலின், வரலாறு என்னும் பொருள் அப்போதே அரும்பிவிட்டது எனலாம். தமிழ்ப் பெயர்ப்பு அங்கு 'வரலாறு' என்றும் 5:1இல் 'வம்ச வரலாறு' என்றும் கொண்டது தக்கதே.

கிரேக்கம், இலத்தீன், தமிழ்

எழுபதின்மர் கிரேக்கப் பெயர்ப்பில் தாய்க்குப் பெரும்பாலும் 'திக்தோ', தந்தைக்குப் பெரும்பாலும் 'கென்னாவோ'. எபிரேயத்தில் அமைப்பைப் பொறுத்து நின்ற வேறுபாடு கிரேக்கத்தில் சொல்லைப் பொறுத்ததாயிற்று. அவ்வளவோடு நில்லாமல், எளிய அமைப்பு தந்தைக்கு வருமிடங்களிலும் 'கென்னாவோ' என்றே பெயர்த்தனர். அர்பக்சாத்தின் இரு வாக்கியங்களும் கிரேக்கத்தில் ஒரே வினையைப் பெற்றன. இலத்தீன் வுல்காத்தா தாய்க்குப் 'பெப்பெரித்', தந்தைக்குக் 'கெனுவித்' என இன்னும் கண்டிப்பாகப் பிரித்தது. ஐரோப்பிய மொழிப் பெயர்ப்புகள் பலவும் இவ்வழியையே பின்பற்றின.

1871இல் நிறைவுற்ற, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் தமிழ்ப் பெயர்ப்பு பட்டியல்களில் வேறு வழி சென்றது. அதில் ஏவாளும் 'பெற்று', அர்பக்சாத்தும் 'பெற்றான்'. இரு அமைப்புகளும் 'பெறு' என்னும் ஒரே வினையில் அடங்கின. இழப்பு என்றால் இழப்புதான். ஆயினும் கிரேக்கத்தின் இழப்பைவிடச் சிறியது. மூலத்தில் குறியேற்றமில்லாத வினைக்குத் தமிழில் குறியேற்றமில்லாத வினையே கிடைத்தது.

'பெறு' என்பதற்கு அடைதல், கொள்ளுதல் என்பதே அடிப்படைப் பொருள். பிள்ளை பெறுதல் அதன் சிறப்புப் பொருள். இவ்விரட்டைத் தன்மை ஆதியாகமம் 4:1இல் எதிர்பாராத விளைவொன்றைத் தந்திருக்கிறது. காயீனைப் பெற்ற ஏவாள் அவன் பெயருக்குக் காரணம் கூறும்போது ஆளும் வினை 'யாலத்' அன்று, 'கானா'. காயீன் என்னும் பெயரோடு ஒலியியைபு கொண்ட அவ்வினைக்கு ஈட்டுதல், உடைமையாக்குதல் என்பன பொருள். படைத்தல் என்பாரும் உளர். தமிழ்ப் பெயர்ப்பில் அங்கும் 'பெற்றேன்' என்றே வந்தது. ஆசிரியரின் வருணனைச் சொல்லும் ஏவாளின் சொல்லும் ஒன்றாகிவிட்டன. மூலத்தின் சிலேடை மறைந்து, மூலத்தில் இல்லாத இன்னொரு சிலேடை தோன்றியது. இதனைப் பிழையென்று சொல்ல மனம் வரவில்லை.

'பெறு' பயன்படாத இடமும் உண்டு. எரேமியா 30:6இன் வினா தமிழில் 'பெறு' என்னும் வினையோடு நின்றால் அதன் கூர்மை மழுங்கிவிடும். தமிழில் ஆணும் பிள்ளை பெறுகிறான் அல்லவா? தாயின் உடலை மட்டும் சுட்டும் வினை அங்குத் தேவை. 'பிரசவி' என்பதைப் பெயர்ப்பாளர் நாடியது அதனால்தான்.

பாறையின் பேறு

உபாகமம் 32:18 மோசேயின் பாடலில் உள்ளது. மக்கள் மறந்துவிட்ட இறைவனை அவ்வடி இரண்டு விதமாகக் குறிப்பிடுகிறது: முதற்பாதியில் 'யாலத்' என்னும் வினைக்கு எழுவாயாகிய பாறை, இரண்டாம் பாதியில் 'ஹுல்' என்னும் வேரிலிருந்து வந்த 'மெஹோலெல்', அதாவது பேற்று வேதனை பட்டவர். 'ஹுல்' தாயின் வினை என்பதற்கு ஏசாயா 45:10 மட்டுமன்றி 51:2உம் சான்று. அங்கே ஆபிரகாம் தந்தை எனப்படுகிறார். சாராளுக்கு இவ்வினை வருகிறது. அதற்கு முந்திய அடி, வெட்டியெடுக்கப்பட்ட பாறையை நோக்கச் சொல்வதும் கருதத்தக்கது.

கிரேக்கர் முதற்பாதியில் பாறையைக் கடவுளாக்கி 'கென்னாவோ' என்றனர். இரண்டாம் பாதியில் பேற்று வேதனை, ஊட்டி வளர்த்தலாக மாறிற்று. வுல்காத்தாவில் அது படைத்தல் ஆயிற்று. 1611இன் ஆங்கிலப் பெயர்ப்பு முதற்பாதியில் தந்தைக்குரிய வினையையும் இரண்டாம் பாதியில் உருவாக்குதலையும் கொண்டது. பேற்று வேதனை எல்லாவிடத்தும் காணாமற் போயிற்று. மூவரும் அறியாமையால் செய்தனர் என்பதற்கில்லை. இறைவனுக்கு அவ்வினையைச் சொல்ல அவர்கள் கூசியிருக்கலாம்.

தமிழ்ப் பெயர்ப்பு (1871) முதற்பாதியில் 'ஜெநிப்பித்த' என்றும் இரண்டாம் பாதியில் 'பெற்ற' என்றும் கொண்டது. படைத்தலுக்கோ உருவாக்குதலுக்கோ நழுவாமல் பிறப்பின் எல்லைக்குள்ளேயே இரண்டையும் நிறுத்தியது பாராட்டுக்குரியது. ஆனால் வரிசை தலைகீழானது. 'ஜெநிப்பி' வடமொழி வேரின்மேல் தமிழ்ப் பிறவினை விகுதி ஏறிய சொல். பொருளமைப்பில் அது 'ஹோலீத்'துக்கு நேர். மூலத்திலோ அங்கு எளிய அமைப்பே உள்ளது. 'பெற்ற' என்பது பாறைக்கும், 'நொந்து ஈன்ற' என்பது போன்ற ஒன்று இரண்டாம் பாதிக்கும் வந்திருப்பின் மூலத்தின் ஏற்றம் கிடைத்திருக்கும்.

'இன்று' என்னும் சொல்லோடு

சங்கீதம் 2:7இன் வினை 'யெலித்திகா'. எளிய அமைப்பு, தன்மை ஒருமை, 'உன்னை' என்னும் ஒட்டு. கூறுபவர் இறைவன், கேட்பவர் அரசர். உடனே 'இன்று' என்னும் சொல்லும் வருகிறது. அரியணை ஏறும் நாளில் அரசரை இறைவன் மகனாக ஏற்கும் கூற்று இது என்பது ஆய்வாளரிடையே பரவலான கருத்து. நிகழ்ந்ததை அறிவிக்கும் வாக்கியமன்று. சொல்லப்படும்போதே செயலை நிறைவேற்றும் வாக்கியம். வளர்ந்த ஓர் ஆடவனை நோக்கி 'இன்று பெற்றேன்' என்பது வேறு எவ்வகையிலும் பொருந்தாது.

கிரேக்கத்தில் 'கென்னாவோ', இலத்தீனில் 'கெனுவி'. கிறித்தவ மரபு இவ்வடியை அப்போஸ்தலர் நடபடிகள் 13:33இலும் எபிரெயர் 1:5இலும் மேற்கோளாக ஆண்டது. கி.பி. 325இல் நிசேயாவில் வகுக்கப்பட்ட அறிக்கை, படைத்தலுக்கு எதிர்ச்சொல்லாக இக்கிரேக்க வினையையே நிறுத்தியது. ஆகவே 1871இன் பெயர்ப்பாளர் முன் இருந்தது எபிரேய வினை மட்டுமன்று. ஆயிரத்தைந்நூறு ஆண்டுச் சமயச் சொல்லாட்சியும் அதனோடு இருந்தது. அவர்கள் 'ஜநிப்பித்தேன்' என்றனர். தந்தைக்கு மட்டும் உரிய குறியேற்ற வடிவம் அது. மூலத்தில் திறந்திருந்த ஒரு கதவு இலக்கணத்தால் சாத்தப்பட்டது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' அச்சொல்லை விடுத்துப் 'பெற்றெடுத்தேன்' என்றது. வடசொல்லை நீக்கியதோடு மாற்றம் முடிந்துவிடவில்லை. 'எடு' என்னும் துணைவினை 'பெறு' என்பதன் பரப்பைச் சுருக்குகிறது. 'அவர் மூன்று பிள்ளைகளைப் பெற்றார்' என்பதைத் தந்தைக்குத் தயங்காமல் சொல்லலாம். 'பெற்றெடுத்தார்' என்றால் கேட்போர் மனம் பெரும்பாலும் தாயையே நாடும். 1871 தந்தையின் பக்கம் சாய்ந்தது. 1995 தாயின் பக்கம் சாய்ந்தது. இடையில் நின்ற 'பெற்றேன்' இரு பெயர்ப்பிலும் இடம்பெறவில்லை.

அது தவிர்க்கப்பட்டதற்குக் காரணம் ஊகிக்கத்தக்கதே. 'இன்று நான் உம்மைப் பெற்றேன்' என்றால், இன்று உம்மை அடைந்தேன், கிடைக்கப்பெற்றேன் என்றும் பொருள்படும். தெளிவை நாடும் பெயர்ப்பாளர் அந்த மயக்கத்தை அஞ்சுவர். ஆயின் இச்சங்கீதத்தின் சூழலில் அம்மயக்கமே பொருளுக்கு அணுக்கமானது. வளர்ந்த ஒருவரை இன்று மகனாகக் கொள்ளுதலும் மகனாகப் பெறுதலும் இங்கு ஒன்றேயாதலின், இரு பொருளையும் ஒருங்கே தாங்கும் வினை தமிழில் ஆயத்தமாக இருந்தது. ஏவாளின் வாயில் தற்செயலாக வந்த நயம் இங்கே வேண்டுமென்றே வந்திருக்கலாம்.

இதே வேரின் அரபி வடிவத்தைத் தமிழாக்கியோர் செய்ததையும் ஒப்புநோக்கலாம். குர்ஆனின் 112ஆம் அத்தியாயத்தில் 'வலத' என்பதன் செய்வினையும் செயப்பாட்டு வினையும் எதிர்மறையில் இறைவனைக் குறித்து வருகின்றன. தமிழ்ப் பெயர்ப்புகளில் பரவலாக அங்கு இடம்பெறுவது 'பெறு' என்னும் வினையும் அதன் 'படு' சேர்ந்த வடிவமுமே. தந்தை, தாய் என்னும் பிரிவு தோன்றாதவாறு இரண்டும் நிற்கின்றன. ஒரே வேர், இரு மறைநூல்கள், இருவேறு தமிழ்த் தேர்வுகள். எதிர்மறை வாக்கியத்தில் அகன்ற சொல்லை ஆளுதல் எளிது; எதை மறுத்தாலும் முழுமையாக மறுக்கலாம். உடன்பாட்டு வாக்கியத்தில் அகன்ற சொல்லை இறைவனுக்கு உரியதாக்க அதிகத் துணிவு தேவைப்படுகிறது.

எரேமியா 2:27இல் சிலைவழிபாட்டினர் மரத்தை நோக்கித் தந்தை என்றும், கல்லை நோக்கி என்னைப் பெற்றாய் என்றும் கூறுவர். எபிரேயத்தில் 'மரம்' ஆண்பால், 'கல்' பெண்பால்; கல்லுக்கு வரும் முன்னிலை வினையும் பெண்பால் வடிவமே. ஆகவே கல் அங்கே தாய் என்பதில் ஐயமில்லை. 'பெற்றாய்' என்னும் தமிழ் முன்னிலை வினை பால் காட்டாது. அதனைக் காட்டவேண்டுமாயின் 'தாயே' என்னும் விளியைத் தமிழர் தாமாகச் சேர்க்க நேரும். சேர்ப்பதா விடுவதா என்பதை அவ்வடியைப் பெயர்ப்பவரே முடிவுசெய்ய வேண்டும்.